உறவைச் சீராக்கும் ஒழுங்குமுறை



1974ஆம் ஆண்டு கனடா நாட்டின் எல்மைரா என்னும் சிற்றூரில் இளைஞர் இருவர் 22 இடங்களில் உடைமைகளைச் சேதப்படுத்தினர். நீதிமன்றம் அவர்களை இழப்புற்றோர் ஒவ்வொருவரிடமும் நேரில் அனுப்பிற்று. இழப்பையும் ஈடுசெய்ய ஆணையிட்டது. அத்தகைய முயற்சிகளிலிருந்து வளர்ந்த உறவுச் சீரமைப்பு நெறி இன்று பல நாடுகளின் தொடக்கப்பள்ளிகளிலும் வழங்கி வருகிறது.

சிறுவன் ஒருவன் தோழனின் சித்திரப் புத்தகத்தைக் கிழித்துவிடுகிறான். அவனை முழங்காலிடச் செய்தால் ஆசிரியரின் கணக்குத் தீர்ந்துவிடும். தோழனின் மனத்தாங்கல் அப்படியே நிற்கும். சீரமைப்பு நெறியோ இருவரையும் எதிரெதிரே அமர்த்தி மூன்று வினாக்களை எழுப்பும்: என்ன நடந்தது? யார் வருந்தினர்? எவ்வாறு சரிசெய்வது? அதட்டிப் பெறும் மன்னிப்புக்கு இங்கே இடமில்லை. வருந்திய பிள்ளை விரும்பாவிடில் அப்பிள்ளையை வற்புறுத்தலும் ஆகாது.

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர் அடுத்து என் செய்வதெனத் திகைத்தல் இயல்பே. அவர்க்கு இம்மூன்று வினாக்களும் துணையாகும். உடன்பிறந்தார் பூசலில் பெற்றோரும் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பிழை செய்த பிள்ளை தலைகுனிந்து நிற்பதினும், கிழித்ததைத் தன் கையாலேயே ஒட்டித் தருதல் நன்று.