நெல்லா, செம்பனையா? அடுத்த பயிற்றுநருக்கு நாம் எத்தனை நாள் கொடுப்போம்?

('சிலாங்கூர் குழுவுக்கு அடுத்த பயிற்றுநர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்?' என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், தஞ்சோங் காராங்கைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் தஞ்சோங் காராங்கிலிருந்து வருகிறேன். கிள்ளானிலிருந்து தெலுக் இந்தான் செல்லும் சாலையில் கோல சிலாங்கூரைத் தாண்டினால் எங்கள் ஊர். அங்கே நெல் வயலும் உண்டு, செம்பனைத் தோட்டமும் உண்டு. இந்த இரண்டையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

எங்கள் ஊர் ஒட்டுக்கடைகளில் இரவு எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து பாருங்கள். சிலாங்கூர் ஒரு ஆட்டத்தில் தோற்றிருந்தால் போதும். தே தாரிக் ஆறுவதற்குள் பயிற்றுநரை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். இரண்டாவது தே தாரிக் வருவதற்குள் புதியவரை நியமித்தும் விடுவார்கள். சம்பளம் மட்டும்தான் பேசுவதில்லை! சிரிக்கிறீர்கள். நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவன்தான். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கிலாந்து லீக்கைப் பார்த்துப் பழகிய நம் இளைஞர்கள் 'மேனேஜர்' என்கிறார்கள். அங்கே மேனேஜர் என்றால் ஆட்டக்காரரைத் தேர்வு செய்பவர், பயிற்சி தருபவர், பல நேரங்களில் யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதிலும் குரல் உள்ளவர். நம் நாட்டில் குழு நிர்வாகி என்பவர் வேறு. பயணம், தங்குமிடம், பதிவு, ஒழுங்கு போன்ற ஏற்பாடுகள் அவருடைய வேலை. திடலில் யாரை இறக்குவது என்று முடிவு செய்பவர் தலைமைப் பயிற்றுநர். நாம் இன்று பேசுவது அவரைப் பற்றி.

வெளிநாட்டவரா, நம்மவரா?

எனக்கு முன் பேசிய தம்பி, "வெளிநாட்டவர் வந்தால்தான் குழு உருப்படும்" என்றார். அடுத்துப் பேசிய சகோதரி, "நம் இனத்தவர் ஒருவர் பயிற்றுநராக வந்தால்தான் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைக்கும்" என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வரலாறு இருவரையும் முழுமையாக ஆதரிக்கவில்லை.

சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற குழு. வேறு எந்தக் குழுவும் அந்த எண்ணிக்கையை நெருங்கவில்லை. அந்த 33-வது கிண்ணம் வந்தது 2015-ல். அப்போது பயிற்றுநர் ஆஸ்திரேலியரான மெஹ்மெட் துராகோவிச். வெளிநாட்டவர்தான். ஆனால் அவர் 1990-களில் சிலாங்கூருக்காகவே விளையாடியவர். இந்தச் சீருடையின் கனம் அவருக்குத் தெரியும்.

2005-ல் பிரிமியர் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் என மூன்றையும் ஒரே ஆண்டில் சிலாங்கூர் வென்றது. பயிற்றுநர் டோலா சாலே. 2009-ல் சூப்பர் லீக், எஃப்ஏ கிண்ணம் இரண்டும் வந்தன. 2010-ல் மீண்டும் சூப்பர் லீக். அப்போது பயிற்றுநர் கே. தேவன். அதற்குப் பிறகு 2024-25 பருவம் வரை சிலாங்கூர் சூப்பர் லீக்கை வெல்லவே இல்லை.

கிளந்தானைப் பாருங்கள். 2010-ல் அவர்களுக்கு முதல் மலேசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர் பி. சத்தியநாதன். 2011-ல் சூப்பர் லீக்கை வென்றபோது எம். கராத்து. 2012-ல் மூன்று கிண்ணங்களை வென்றபோது குரோவேஷியாவின் போஜான் ஹோடாக். இரண்டு தமிழ்ப் பெயர்கள், அதற்கடுத்து ஒரு வெளிநாட்டுப் பெயர். மூவரும் வென்றார்கள்.

ஆகவே கடப்பிதழின் நிறத்தைப் பார்த்தோ, பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தோ பயிற்றுநரைத் தேர்வு செய்ய முடியாது. அப்படியானால் எதைப் பார்ப்பது? அதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்றுக்கு ஐந்து

2010 டிசம்பர் 1. சுசுகி கிண்ணப் போட்டியில் மலேசியா ஜகார்த்தாவில் இந்தோனேசியாவைச் சந்தித்தது. நான் என் அப்பாவோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுக்கு ஐந்து என்று தோற்றோம். தேசியப் பயிற்றுநர் கே. ராஜகோபால். செத்தாப்பாக்கில் பிறந்தவர், சிலாங்கூருக்காக விளையாடியவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் லாவோசில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர்.

அதையெல்லாம் நான் அன்று நினைத்தேனா? இல்லை. மேசையைத் தட்டி, "இந்த ஆளை நாளைக்கே மாத்தணும்" என்று கத்தினேன். பக்கத்து மேசையில் இருந்த மலாய் நண்பர்கள்கூட அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னேன். நம்மவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்த அதே நான்.

அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டக் குழுவில் வலது பக்கம் ஓடியவர். அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏன்டா, செம்பனை நட்ட மறுநாளே குலை வெட்டப் போவியா?"

அவ்வளவுதான். எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தாய்லாந்தோடு சமநிலை. லாவோசை ஐந்துக்கு ஒன்று என்று வென்றோம். அரையிறுதியில் வியட்நாமை வெளியேற்றினோம். டிசம்பர் 26-ல் புக்கிட் ஜாலிலில், நம்மை ஐந்து கோல் அடித்த அதே இந்தோனேசியாவை மூன்றுக்குச் சுழியம் என்று வென்றோம். 29-ல் ஜகார்த்தாவில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றாலும், மொத்தத்தில் நான்குக்கு இரண்டு. தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது. டிசம்பர் 31-ஐ அரசாங்கம் பொது விடுமுறையாக அறிவித்தது.

டிசம்பர் 1 இரவு என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த விடுமுறை வந்திருக்குமா? அந்தக் குழுவில் பலர் இளைஞர்கள். சீ விளையாட்டுப் போட்டியிலேயே ராஜகோபால் அவர்களோடு வேலை செய்திருந்தார். ஒரு தோல்வியில் அழிந்துவிடாத உறவு அது.

அப்பா இன்று இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது.

வயல் கணக்கும் தோட்டக் கணக்கும்

இப்போது நெல்லும் செம்பனையும். எங்கள் பகுதியில் நெல் ஆண்டுக்கு இரண்டு போகம். விதைத்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் அறுவடை. செம்பனை அப்படியல்ல. நாற்றங்காலில் ஓராண்டு. தோட்டத்தில் நட்ட பிறகு முதல் குலை வெட்ட இரண்டரை, மூன்று ஆண்டு. ஆனால் அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் அது காய்த்துக்கொண்டே இருக்கும்.

பயிற்றுநர் வேலை செம்பனை வேலை. நாம் அவரைப் பார்ப்பதோ நெல் வயல் கணக்கில். நான்கு மாதத்தில் விளையவில்லை என்றால் உழுதுவிட்டு மறுபடி விதைக்கிறோம்.

சத்தியநாதன் 2019-ல் சிலாங்கூரை லீக்கில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 2020 செப்டம்பரில், பருவம் முடியும் முன்பே, பொறுப்பு கைமாறியது. அதன் பிறகு மைக்கல் ஃபைக்டன்பைனர், கார்ஸ்டன் நைட்சல், மறுபடியும் ஃபைக்டன்பைனர், நிட்ஸாம் ஜமில், டான் செங் ஹோ, மறுபடியும் நிட்ஸாம், ஜப்பானின் கட்சுஹிதோ கினோஷி. நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே கூடிய காலத்தில் ஏழு கைமாற்றம். 2023-ல் டான் செங் ஹோ லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தார். அடுத்த பருவத்தில் அவரும் இல்லை.

சத்தியநாதன் 2023 ஜூலையில் காலமானார். பயிற்றுநர்களுக்கென்றே ஒரு சங்கம் வேண்டும் என்று நின்று, அதற்குத் தலைவராகவும் இருந்தவர். அவர் இறந்த அன்று எல்லாரும் புகழ்ந்தோம். அவர் பொறுப்பில் இருந்தபோது எத்தனை பேர் பொறுமையாக இருந்தோம்?

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார். முதல் கிண்ணம் 1990 மே மாதத்தில்தான் வந்தது. மூன்றரை ஆண்டு! கணக்குப் போட்டுப் பாருங்கள், செம்பனைக் கணக்கு. அவர் 2013-ல் ஓய்வு பெற்றபோது லீக் பட்டம் மட்டும் 13.

ஜொகூரைக் காட்டிக் கேட்பார்கள்

இங்கே ஒருவர் கை உயர்த்தலாம். "ஐயா, ஜொகூர் டாருல் தாக்ஸிம் குழுவும்தான் பயிற்றுநரை அடிக்கடி மாற்றுகிறது. ஆனால் 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை லீக்கை வென்றிருக்கிறதே?"

நல்ல கேள்வி. நானும் யோசித்தேன். அவர்கள் பயிற்றுநரை மாற்றினார்கள், ஆனால் தோட்டத்தை மாற்றவில்லை. பயிற்சி மையம், இளையோர் பிரிவு, இரண்டாம் குழு, 2020-ல் திறக்கப்பட்ட சொந்த அரங்கம், எல்லாம் அப்படியே இருக்கின்றன. பணபலமும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. பயிற்றுநர் வந்தாலும் போனாலும் வேர் அங்கேயே இருக்கிறது. சிலாங்கூரிலும் இளையோர் பிரிவு இருக்கிறது. ஆனால் ஷா ஆலாம் அரங்கம் 2020-ல் மூடப்பட்ட பிறகு, குழு வேறு திடல்களில் ஆட வேண்டியதாயிற்று. வேர் ஆடும்போது மரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன மிஞ்சும்?

பயிற்றுநர் போனால் யார் போகிறார்?

இதில் உண்மையாக இழப்பவர் யார் தெரியுமா? குழு முதலாளி அல்ல. பயிற்றுநரும் அல்ல, அவருக்கு வேறு குழு கிடைக்கும். ரசிகர்களாகிய நாமும் அல்ல.

என்னிடம் படித்த ஒரு பையன். பெயர் வேண்டாம். தோட்டத்துப் பிள்ளை. இடது காலால் அவன் பந்தை அடித்தால் சத்தமே வேறு மாதிரி இருக்கும். ஒரு குழுவின் தேர்வுக்கு அவனை நானே காரில் அழைத்துப் போனேன். எந்தக் குழு என்பதும் வேண்டாம். பயிற்றுநர் அவனைத் தனியே அழைத்து, "உனக்கு உடல் வலு போதவில்லை. ஆறு மாதம் கழித்து வா, நானே பார்க்கிறேன்" என்றார். பையன் ஆறு மாதமும் அதிகாலையில் செம்பனை வரிசைகளுக்கு இடையில் ஓடினான். ஆறாவது மாதம் போனோம். அந்தப் பயிற்றுநர் இல்லை. புதியவருக்கு அவனைத் தெரியாது. முந்தையவர் எழுதி வைத்த குறிப்பு எதுவும் இல்லை என்றார்கள். இப்போது அவன் காப்பாரில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறான்.

சகோதரி "நம்மவர் வேண்டும்" என்றார். அம்மா, நம்மவர் பலர் வந்தார்கள். நம் பெயரில் ஒரு குழுவே வந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழு, 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2017-ல் சிலாங்கூரில் பயிற்றுநராக இருந்த பி. மணியம் அங்கேயும் பயிற்றுநராக இருந்தார். 2022 பருவத்தோடு அந்தக் குழு விலகிக்கொண்டது. அதன் ஆட்டங்களுக்குப் போய் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? நான் ஒரே ஒரு முறை போனேன். மறைக்கவில்லை.

என் வேண்டுகோள்

ஆகவே அடுத்த பயிற்றுநர் யார் என்று கேட்டால் நான் பெயர் சொல்ல மாட்டேன். மூன்று நிபந்தனை சொல்வேன்.

ஒன்று, வருபவருக்கு மூன்று ஆண்டு. இடையில் தோல்வி வரும். திட்டுங்கள், அது ரசிகனின் உரிமை. ஆனால் 'வெளியேறு' பதாகையை மூன்று ஆண்டுக்கு மடித்து வையுங்கள்.

இரண்டு, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும் மாவட்டங்களுக்கு வர வேண்டும். கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கமும் வந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைப் பார்க்க வேண்டும். பார்த்த பிள்ளைகளின் பெயர் எழுதப்பட வேண்டும். அந்தப் புத்தகம் பயிற்றுநரோடு போகக்கூடாது, குழுவிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது நமக்கு. ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் பயிற்றுநர் உரிமம் 'சி', 'பி', 'ஏ', 'புரோ' என்று படிப்படியாகப் போகும். ராஜகோபாலும் தேவனும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆட்டத்தை நிறுத்திய நம் முன்னாள் ஆட்டக்காரர்கள் கடையில் உட்கார்ந்து பயிற்றுநரை நீக்குவதை விட்டுவிட்டு, அந்த முதல் படியான 'சி' உரிமத்துக்குப் போய் உட்காரட்டும். இன்னும் இருபது ஆண்டில் ஒரு தமிழ்ப் பெயர் சிலாங்கூரின் பயிற்றுநர் பட்டியலில் வர வேண்டுமானால், அந்தக் கன்றை இன்றைக்கு நட வேண்டும்.

சென்ற வாரம் என் பழைய மாணவனிடம் இதைத்தான் சொன்னேன். "சார், அந்தப் படிப்புக்கு எங்கே பதியணும்?" என்று கேட்டான். விவரம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த அரங்கிலேயே விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தயவுசெய்து என்னைப் பாருங்கள்.