குழாயை எடுக்கும் நேரம்



அறுவை சிகிச்சையின்போதும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி சுவாசம் கொடுக்கிறார்கள். அதைப் போடுவதுதான் கடினம், எடுப்பது எளிது என்று பலரும் நினைக்கிறோம். பிரிட்டனில் நாடு முழுவதும் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. மயக்க மருந்தின்போது நேர்ந்த கடுமையான சுவாசப்பாதைச் சிக்கல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சிகிச்சை முடிந்து நோயாளி விழிக்கும் வேளையில் வந்தவை. அடுத்த ஆண்டே, குழாயை எடுப்பதற்கென்று தனி வழிகாட்டு நெறிகள் அங்கே வெளியாயின.

தீவிர சிகிச்சைப் பிரிவில், முதலில் இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தானாக மூச்சுவிட வைத்துப் பார்க்கிறார்கள். நன்றாக இருமுகிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று கவனிக்கிறார்கள். குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் காற்றை இறக்கினால், பக்கவாட்டில் காற்று கசிய வேண்டும். கசியாவிட்டால் உள்ளே வீக்கம் இருக்கலாம். அப்படியானால், குழாயை எடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பிறகு நிமிர்த்தி உட்காரவைத்து, சளியை உறிஞ்சி, ஆக்சிஜன் கொடுத்துக் குழாயை எடுப்பார்கள். மீண்டும் போடுவதற்கான கருவிகள் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும்.

குழாயை எடுத்த பிறகு வரும் குரல் கம்மலும் தொண்டை வலியும் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். ஆனால் மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்று ஒலி கேட்டால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். அட்ரினலினை நெபுலைசரில் கொடுப்பார்கள்; தேவைப்பட்டால் குழாயை மறுபடியும் போடுவார்கள்.

இன்னொன்று: நோயாளி தாகம் என்று கேட்டாலும், மருத்துவர் சொல்லும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் முழுதாகத் திரும்பாதபோது, அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம்.