உவர்க் கிணறு கற்பித்த பாடம்



1990ஆம் ஆண்டுப் போரினால் தீவுப்பகுதியை விட்டுப் பெயர்ந்தோருள் எங்கள் குடும்பமும் ஒன்று. 2012இல் வேலணைக்குத் திரும்பினோம். வீட்டிற்குக் கூரையில்லை, வளவெங்கும் பற்றைக்காடு. மிஷன் பாடசாலையிற் படித்த எங்கள் கைகளுக்கு மண்வெட்டி புதிது.

வெங்காயமும் மிளகாயும் நட்டு, இயந்திரம் வைத்து நாள் முழுதும் இறைத்தோம். பங்குனியில் நீர் உவர்த்தது, பயிர் கருகியது. ஐயா வரம்பிலே பேச்சற்று இருந்தார்.

அயல்வீட்டு அப்பு வந்தார்.

"தம்பி, இங்கே நல்ல தண்ணியெல்லாம் மழைத்தண்ணிதான். அது அடியிலுள்ள உவருக்கு மேலே மிதக்குது. மிஞ்சி இறைச்சால் உவர் மேலே ஏறும். துலாக் காலத்திலே மனிசன் களைச்சுப்போவான், கிணறு தப்பும்" என்றார்.

அன்றுமுதல் காலையும் மாலையும் அளவாகவே இறைக்கிறோம், பூவரசங்குழை தாழ்க்கிறோம், மாரிமழையை வரம்புகட்டி வளவுக்குள்ளேயே மறிக்கிறோம். மூன்றாம் மாரிக்குப் பின் கிணறு மீண்டும் இனித்தது.

அன்பர்களே! காணிக்கு வேலியுண்டு, நிலத்தடி நீருக்கு வேலியில்லை. ஒருவர் மிஞ்சி இறைத்தால் அயலவர் கிணறும் உவர்க்கும். ஆதலால், வரும் ஐப்பசிக்குமுன் ஊர்க் குளங்களையும் கேணிகளையும் நாமே தூர்வாருவோம். பெரியோர்களே, அப்புவைப்போல் அருகிருந்து சொல்லித்தாருங்கள்.