செய்தியைச் சுமப்பதும் செய்தியை அறிவதும்



மக்கள் செய்தியைத் தேடும் வழிகளாகிய சமூக ஊடகத்தையும் பொது நூலகத்தையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். ஒரு தலைமையாசிரியரிடம் இத்தலைப்பைக் கொடுத்தால், கைபேசியை ஏசி நூலகத்தைப் புகழ்ந்துவிட்டு அமர்ந்துவிடுவார் என்று இளைஞர்கள் எண்ணியிருக்கக்கூடும். கைபேசி என் சட்டைப்பையிலும் இருக்கிறது. இவ்விழாவின் அழைப்பே அதன் வழியாகத்தான் எனக்கு வந்தது. ஆகவே அதனை ஏசும் தகுதி எனக்கில்லை.

என் பாட்டனாரிலிருந்து தொடங்குகிறேன். அவர் எங்கள் ஊரில் தண்டோரா போட்டவர். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அவருடன் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். கிராம முன்சீப் வீட்டு வாசலில் கைகட்டி நின்று செய்தியைக் கேட்டுக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவராதலால் வழியெல்லாம் முணுமுணுத்து மனப்பாடம் செய்வார். பிறகு பறையை முழக்கி, சகலமானவர்களுக்கும் அறிவிப்பார். வரி கட்டக் கடைசி நாள், அம்மை குத்த ஆள் வரும் நாள், ஏரி மீன் ஏலம், புறம்போக்கு மரங்களின் ஏலம் என எத்தனையோ செய்திகள் அவர் வாயிலிருந்துதான் ஊருக்குப் போயின. அந்த ஏலத்தில் தாமும் கலந்துகொண்டு கேட்கலாம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் முனைந்ததில்லை, சொல்லுவாரும் இல்லை. ஊரின் செய்தி முழுவதையும் சுமந்த அம்மனிதர், அதில் ஒன்றையேனும் தமக்கென்று அறிந்தாரில்லை.

தண்டோரா முறையை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அச்செய்தியைப் படித்தபோது பாட்டனார் இல்லையே என்று வருந்தினேன். ஆனால் நம் இளைஞர் ஒருவர், வந்த செய்தியை முழுவதும் படிக்காமலேயே பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, அவர் கையில் அந்தப் பழைய பறைக்குச்சியே எனக்குத் தெரிகிறது. நான் மிகைப்படுத்துவதாக நீங்கள் கருதலாம். கருதுங்கள்.

கைபேசியின் நன்மையை முதலில் சொல்லிவிடுவதே முறை. நம் தெருவில் ஒரு கொடுமை நடந்தால், முன்பெல்லாம் அது நாளிதழை எட்டவே பல நாட்களாகும். எட்டினாலும், "இரு பிரிவினரிடையே மோதல்" என்று நான்கு வரியில் முடிந்துவிடும். இன்று பாதிக்கப்பட்டவரே தம் முகத்தோடும் குரலோடும் பேசுகிறார். வெளிநாட்டில் கூலி வேலைக்குச் சென்றவர் தம் சம்பள நிலுவையைப் பற்றி உலகறியச் சொல்ல முடிகிறது. எந்தக் கல்லூரியில் இடம் காலியாக இருக்கிறது என்பதை ஆலோசனை சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளையும் அறிந்துகொள்கிறது. வாசலில் நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பையன்?" என்று கைபேசி நம்மைக் கேட்டதில்லை. நூலகத்தில் ஒரு காலத்தில் என்னைக் கேட்டார்கள். அதைப் பின்னர் சொல்லுகிறேன்.

குறை எங்கே இருக்கிறது? என் பள்ளியில் படித்த மாணவி ஒருத்தி அரசுப் பணித் தேர்வு ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டிருப்பதாக வாட்ஸ்அப்பில் அவளுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. முத்திரையும் கையொப்பமும் இருந்தன. அதை நம்பி, சாதிச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். நாள் கடந்துவிட்டது. அந்த அறிவிப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டி அழுதாள். நான் உற்றுப் பார்த்தேன். அது பொய்யான அறிவிப்பு அன்று; முந்தைய ஓர் ஆண்டில் வெளிவந்த உண்மையான அறிவிப்பு. ஆண்டு இருந்த மேற்பகுதி மட்டும் வெட்டுண்டு போயிருந்தது. அனுப்பியவர் அவளுக்கு நன்மை செய்வதாகவே எண்ணி அனுப்பியிருக்கிறார். அவளுக்கோ ஓர் ஆண்டு போயிற்று. நம் வீட்டுப் பெண்ணுக்கு ஓர் ஆண்டு போவது என்றால் என்ன என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். அடுத்த முகூர்த்தத்தில் அவளுக்குத் திருமணம் பேசிவிடுகிறார்கள்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. குழந்தை கடத்துவோர் திரிகிறார்கள் என்று பரவிய செய்தியை நம்பி, 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தாரை மக்கள் சூழ்ந்து அடித்ததில் மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டில்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு விதித்தது. ஐந்து பேருக்குத் தவறாகச் சொன்னால் போதாதா என்று நான் அன்றே கேட்டேன்.

இனி நூலகத்திற்கு வருகிறேன். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்துறையில் பிறந்த முதற் சட்டம் அதுவே. அதன் பின்னணியில் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த சி.இரா. அரங்கநாதன் அவர்கள். இச்சட்டத்தில் நமக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. நம் காலனி வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகம் யாரோ நமக்கு இடும் தருமம் அன்று. நாம் பணம் கட்டிய இடம். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் நம் மக்களுக்குத் தடையிருக்கலாகாது என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் உரிமைக் குரல் நூலக வாசலுக்கும் பொருந்தும்.

ஆயினும் உரிமை இருப்பதும் உள்ளே நுழைவதும் ஒன்றாகிவிடா. எட்டாம் வகுப்புப் படிக்கையில் நான் முதன்முறையாகக் கிளை நூலகத்திற்குச் சென்றேன். அது ஊர்த்தெருவின் நடுவில் இருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு நெடுநேரம் நின்றேன். உள்ளேயிருந்தவர் கேட்ட கேள்வியைத்தான் முன்பே சொன்னேன். உறுப்பினராக வேண்டுமானால் வீட்டுவரி கட்டும் ஒருவர் பிணைக் கையொப்பம் இடவேண்டும் என்றார். எங்கள் தெருவில் அப்போது எவர் வீட்டுக்கும் வரி ரசீது கிடையாது. என் தமிழாசிரியர் கையொப்பமிட்டார். அந்த ஒரு கையொப்பம் இல்லையெனில் இன்று நான் உங்கள்முன் நின்றிருக்க மாட்டேன் என்பதை உணர்ச்சிவயப்படாமல் சொல்ல என்னால் முடியவில்லை. இன்றும் பல நூலகங்கள் ஒருவரே திறந்து, ஒருவரே கூட்டி, ஒருவரே பூட்டும் நிலையில் இருக்கின்றன. புதிய நூல்கள் வருவதில் தாமதமும் உண்டு. அதையெல்லாம் மறைத்து உங்களை அங்கே அனுப்பினால் இரண்டாம் முறை நீங்கள் போகமாட்டீர்கள்.

அப்படியிருந்தும் ஏன் அனுப்புகிறேன் என்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் இளைஞர்கள் சிலரோடு நானும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. பஞ்சமி நிலம் பற்றிய பாடம் அது. நம் சுற்றுவட்டத்தில் பதினொரு புல எண்களைக் குறிப்பிட்டு, இவையெல்லாம் நம்முடைய நிலங்கள், பறித்துக்கொண்டார்கள், திரண்டு வாரீர் என்று ஒரு செய்தி பரவிற்று. இளைஞர்கள் மறியலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பஞ்சமி நிலம் என்றாலே நம் இரத்தம் கொதிப்பது இயல்பு. காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் இருவர் உயிர் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? குழுவில் வந்தன என்றார்கள். குழுவுக்கு? வேறொரு குழுவிலிருந்து.

அவர்களில் நால்வரை அழைத்துக்கொண்டு மாவட்ட மைய நூலகத்திற்குச் சென்றேன். அங்கிருந்த நூலகர், கேட்ட அரைமணி நேரத்தில் மூன்று நூல்களை எடுத்து மேசைமேல் வைத்தார். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையும், அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணை எண் 1010உம் அந்நூல்களில் விளக்கப்பட்டிருந்தன. அளிக்கப்பட்ட நிலத்தை முதல் பத்து ஆண்டுகளுக்கு எவருக்கும் கைமாற்றக் கூடாது, பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையை அன்றுதான் அவர்கள் முழுமையாகப் படித்தார்கள். அதுவரை "பஞ்சமி" என்ற சொல் மட்டுமே அவர்களிடம் இருந்தது. எந்தப் பதிவேட்டில் தேட வேண்டும் என்பதும் அந்த மேசையில்தான் தெரிந்தது.

பிறகு கைபேசியே உதவிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பார்த்தோம். பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்டு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்தோம். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு அதுவும் வேண்டியதில்லை. முப்பது நாளில் பதில் வரவேண்டும்; வரவில்லை. மேல்முறையீடு செய்தோம்; வந்தது. பதினொரு எண்களில் ஏழு, நமக்கு எந்தத் தொடர்பும் இல்லாதவை. அவற்றில் ஒன்று ஊர்ச் சுடுகாடு! ஒன்றைப் பற்றி ஏடு தெளிவாக இல்லை. மூன்று எண்களில் நிபந்தனை ஒப்படை என்று ஐயத்திற்கிடமின்றிப் பதிவாகியிருந்தது. பதினொன்றுக்கும் மறியல் செய்திருந்தால் அந்த ஏழைக் காட்டியே மூன்றையும் தள்ளுபடி செய்திருப்பார்கள். இன்று அம்மூன்றுக்கான மனு உரிய ஏட்டு நகல்களோடு நிலுவையில் இருக்கிறது. வெல்லுமா என்பதை இப்போது சொல்ல இயலாது. ஆனால் அலுவலகத்தில் அந்நால்வர் பேசும்போது எதிரே இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார். அதை நான் கண்ணால் கண்டேன்.

அண்ணல் அம்பேத்கர் பெயரில் உலவும் பொன்மொழிகளைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய எழுத்தும் பேச்சும் மகாராட்டிர அரசால் 1979 முதல் தொகுதி தொகுதியாக வெளியிடப்பட்டுள்ளன. தமிழிலும் தொகுதிகள் உள்ளன. முகநூலில் வந்த ஒரு வாசகம் எதில் இருக்கிறது என்று தேடிவருமாறு என் மாணவர் இருவரை அனுப்பினேன். இரண்டு வாரம் தேடினார்கள். பார்த்த தொகுதிகளில் அது இல்லை. ஆனால் தேடப் போன இடத்தில், 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்டு, அங்கே நிகழ்த்த முடியாமற்போய், அவரே அச்சிட்டு வெளியிட்ட சாதி ஒழிப்பு உரையைத் தொடக்கம் முதல் இறுதிவரை படித்துவிட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவன் இப்போது சட்டக் கல்லூரியில் இருக்கிறான்.

சங்கத்தின் படிப்பகத்தில் இந்த விழா நாள் முதல் ஒரு குறிப்பேடு வைக்கச் செயற்குழு இசைந்திருக்கிறது. எவர் வேண்டுமானாலும் தமக்குத் தெரியவேண்டியதை அதில் எழுதலாம்; எழுதத் தெரியாதவர் சொன்னால் இளைஞர்கள் எழுதிக்கொள்வார்கள். ஞாயிறுதோறும் இருவர் அவற்றை நூலகத்திலும் இணையதளத்திலும் தேடி, விடையையும், விடை கிடைத்த இடத்தையும், அதன் நாளையும் ஆண்டோடு சேர்த்து எதிர்ப்பக்கத்தில் எழுதவேண்டும். இன்று காலை நான் வந்தபோது முதற்பக்கத்தில் ஒரு கேள்வி ஏறியிருந்தது. கீழத்தெருப் பாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை நான்கு மாதமாக வரவில்லையாம். ஏன் நின்றது, யாரைக் கேட்பது என்று எழுதச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான் படிப்பகத்தில் இருப்பேன். என்னுடன் இருவர் வேண்டும்.