பழைய நாடாவும் புதிய திரையும்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், அலமாரியின் அடித்தட்டில் சில வீடியோ கேசட்டுகள் கிடப்பது வழக்கம். டில்லி கரோல் பாக்கிலும், பம்பாய் மாட்டுங்காவிலும், பெங்களூர் அல்சூரிலும் வாழ்ந்த குடும்பங்கள், ஊரில் நடந்த கல்யாணத்தையும் சஷ்டியப்த பூர்த்தியையும் 1980-களிலும் 1990-களிலும் இந்நாடாக்களில் பதிந்து வைத்தன. ரயிலேறிச் சென்றாலன்றிக் காண இயலாத முகங்களை நம் கூடத்துக்கே கொண்டுவந்தவை இவை. அம்முகங்களுள் பல இன்று இந்நாடாக்களில் மட்டுமே எஞ்சி நிற்கின்றன.

மகளின் திருமணப் படத்தினிடையே பெற்றோரின் திருமணமும் ஓரிரு நிமிஷம் வந்துபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசை நமக்கு எழுவது இயல்பே. ஆனால் புதிய படமோ உயர்தெளிவு வீடியோ. பழையதோ சாதாரணத் தெளிவு உடையது. இரண்டையும் ஒன்றாகத் தொகுப்பது எப்படி, அதில் எங்கே நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ என்னும் தொலைக்காட்சி முறையில் எடுத்த படத்தைக் கணிப்பொறிக்கு மாற்றினால், குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 வரிகளும் கிடைக்கின்றன. உயர்தெளிவுப் படத்திலோ குறுக்கே 1920, நெடுக்கே 1080. பெருக்கிப் பார்த்தால் முன்னதைப்போல் பின்னது சரியாக ஐந்து மடங்கு. அதாவது, பழைய படத்தைப் புதிய திரை முழுவதும் விரித்தால், ஐந்து புள்ளிகளுள் நான்கு பதிவில் இல்லாதவை. அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணிப்பொறி ஊகித்து நிரப்பியவை. வி.எச்.எஸ். நாடாவில் உள்ள விவரம் இந்த 720 புள்ளிகளுக்குக்கூடப் போதாது. ஆகவே, அளவு பெருகுமேயன்றித் தெளிவு பெருகாது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

இதனால் முயற்சி வீண் என்று பொருளல்ல. முறையாகச் செய்தால் இருப்பது கெடாமல் காக்கப்படும்; முறை தவறினால் இருப்பதும் போய்விடும். பதிவிறக்கத்திலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. முன்பே குறுந்தகட்டுக்கு மாற்றிய படி ஒன்று வீட்டில் இருக்கலாம், அது சுருக்கப்பட்டது. நாடா நல்ல நிலையில் இருந்தால் அதிலிருந்தே மீண்டும் பதிவிறக்குவது மேல். நாடாவின் விளிம்பில் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்திருந்தால் அதை ஓட்டலாகாது. ஓட்டினால் கருவியின் தலையும் கெடும், அடுத்துப் போடும் நாடாவும் கெடும். வி.எச்.எஸ். ஓட்டும் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-ஆம் ஆண்டு ஜூலையோடு நிறுத்திவிட்டது. எனவே இப்பணியில் காலதாமதம் கூடாது.

அடுத்தது வரிகளின் விஷயம். பழைய வீடியோ ஒரு விநாடிக்கு 25 முழுப் படங்கள் கொண்டது. ஆனால் ஒவ்வொரு முழுப் படமும் இரண்டு அரைப் படங்களால் ஆனது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள். இவ்விரண்டும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஆகையால் மாலை மாற்றும் கை அசையும்போது, அதன் ஓரம் சீப்பின் பற்களைப்போல் பிளந்து தோன்றும். பெரிதாக்குமுன் இதைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். முதலில் பெரிதாக்கிவிட்டாலோ, வரிகள் ஒன்றோடொன்று குழைந்து, பின்னர் எவராலும் பிரிக்க முடியாத நிலை ஏற்படும். அரைப் படங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முழுப் படம் அமைத்து, விநாடிக்கு 50 படங்களாக்கினால் அசைவின் இயல்பான ஓட்டம் மாறாது. இதற்கான நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

மூன்றாவது, படத்தின் வடிவம். பழைய திரை நான்குக்கு மூன்று. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. திரையை நிரப்பும் ஆசையில் இழுத்து விரித்தால், மெலிந்த மாமா பருத்துவிடுவார், மணவறையும் அகன்றுவிடும். மேலும் கீழும் வெட்டினால் மாப்பிள்ளையின் தலைப்பாகை போய்விடும். 1440 புள்ளி அகலத்தில் நடுவே வைத்து, இருபுறமும் 240 புள்ளிகளைக் கருமையாக விட்டுவிடுவதே நேர்மையான வழி. வண்ணங்களைக் கணக்கிடும் முறையும் இரண்டு தெளிவுகளுக்கும் வேறு. அதையும் மாற்றித் தராவிட்டால் முகத்தின் நிறம் சற்றே பிறழும்.

தொகுக்கும் படம் முழுதும் பழையதாகவே இருந்தால், பழைய அளவிலேயே தொகுத்து முடித்து, கடைசியில் ஒருமுறை பெரிதாக்கினால் போதும். பழையதும் புதியதும் கலந்தால் மட்டும், பழைய பகுதியை முன்னரே மாற்றிக்கொண்டு தொகுக்கத் தொடங்கலாம்.

இனி, செயற்கை அறிவு நிரல்களைப் பற்றி ஒரு சொல். மங்கிய படத்தை இவை பளிச்சென்று ஆக்கிக் காட்டுவது உண்மை. ஆனால் அவை கற்றது வேறு எவருடைய முகங்களையோ. கூட்டத்தின் பின்வரிசையில் சிறிதாகத் தெரியும் ஓர் அத்தையின் முகத்துக்கு, தாம் அறிந்த கண்ணையும் பல்லையும் அவை வரைந்துவிடும். மூக்குத்தி மறையலாம், கன்னத்து மச்சம் போய்விடலாம். அத்தையை நேரில் அறிந்தவர் உடனே கண்டுகொள்வார். அறியாத பேரக்குழந்தைகளோ அதையே அத்தை என்று எண்ணிவிடுவர். மரம், மண்டபம் முதலியவற்றுக்கு இந்நிரலைப் பயன்படுத்தினால் பெருங்கேடில்லை. முகங்கள் வரும் இடங்களில் அடக்கமே வேண்டும்.

முதலில் ஒரு நிமிஷப் பகுதியை மாற்றி, பெரிய திரையில் வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டிவிட்டு, பிறகு முழுவதையும் மாற்றுவது நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நாடாவிலிருந்து இறக்கிய முதற்பதிவை மாற்றாமல், அழிக்காமல், இரண்டு இடங்களில் காத்து வைப்போமாக. நாளை இதைவிடச் சிறந்த முறை ஒன்று வந்தால், அதைப் பயன்படுத்திக்கொள்ள நம் மக்களுக்கு அந்த மூலம் வேண்டுமன்றோ!