அறுவைக்கு முந்தைய அரை மணி நேரம்

இன்று இயன்முறை மருத்துவப் பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

உங்களில் சிலர் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களிலிருந்து வந்து படித்தவர்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். கேட்டதும் மனம் நிறைந்தது. அந்த ஏரிக்கரை வீடுகளில் நடக்கும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர், அந்த நாள் வரும்வரை என்ன செய்கிறார்? படுத்திருக்கிறார். காலமெல்லாம் வலை இழுத்த மனிதரை அன்று மாலையே பாயில் கிடத்திவிடுகிறோம். "நீ ஒண்ணும் செய்யாத, பேசாம படு" என்கிறார் மனைவி. மகன் படகுப் பக்கமே விடுவதில்லை. மீனும் நண்டும் கொடுக்காதே, புண் ஆறாது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். வீட்டு வலையில் விழுந்த மடவை மீன் ஏலத்துக்குப் போகிறது, நோயாளிக்குக் கஞ்சி வருகிறது. எல்லாம் பாசத்தால் நடப்பதுதான். ஆனால் சில வாரம் கழித்து அறுவை அரங்குக்கு வரும்போது, தொடைச் சதை வற்றி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவராக அவர் வந்து நிற்கிறார்.

பெரிய அறுவை என்பது உடம்புக்குக் கடுமையான வேலை. மயக்க நிலையில் கிடந்தாலும் பிறகு பல நாட்களுக்கு இதயமும் நுரையீரலும் கூடுதலாக உழைக்கின்றன. 1993இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 60 வயது தாண்டிய 187 பேரை, வயிற்றில் பெரிய அறுவைக்கு முன் சைக்கிள் மிதிக்கவைத்துச் சோதித்தார்கள். தசைகள் திணறத் தொடங்கும் கட்டத்தில், ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 11 மில்லி ஆக்சிஜனைக்கூடப் பயன்படுத்த முடியாதவர்களில் 18 சதவீதம் பேர் அறுவைக்குப் பின் இதயக் கோளாறால் இறந்தார்கள். அந்த அளவைத் தாண்டியவர்களில் இறந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அறுவை மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், நோயாளி கொண்டுவரும் தெம்பும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

அந்தத் தெம்பைச் சில வாரங்களில் கூட்ட முடியுமா? முடியும் என்பதற்கான சான்றுகள் வந்துகொண்டிருக்கின்றன. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. அதை முன்னின்று நடத்தியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். ஒரு காலத்தில் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டி ஆண்டார்களே, அதே நாட்டினர்தான். அறுவைக்கு முன் நான்கு வாரம் உடற்பயிற்சி, புரதம் மிகுந்த உணவு, புகையிலையை விடுவதற்கு உதவி, மனத் தைரியம் எல்லாம் சேர்த்துப் பெற்றவர்களில் கடுமையான சிக்கல் வந்தது 17 சதவீதத்தினருக்கு. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 30 சதவீதத்தை ஒட்டியது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020இல் கனடாவில் மிகவும் நலிந்த முதியோர் 110 பேரிடம் இதுபோல் செய்தபோது சிக்கல்கள் குறையவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தரும் என்று நோயாளியிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே பட்டம் பெறும் ஒவ்வொருவரும் மனதில் பதிக்க வேண்டிய ஆய்வு 2018இல் வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேர். ஒரு சாராருக்குக் கையேடு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு சாராரிடம் ஓர் இயன்முறை மருத்துவர் அரை மணி நேரம், ஒரே ஒரு தடவை, உட்கார்ந்து பேசினார். அறுவைக்குப் பின் நுரையீரலில் சளி ஏன் கட்டும், கண் விழித்ததும் மணிக்கொரு தரம் எப்படி ஆழமாக மூச்சிழுக்க வேண்டும், எப்படி இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும் என்று செய்துகாட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான். கையேடு மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. நேரில் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 12 சதவீதம். புது மருந்தில்லை, இயந்திரமில்லை. பஸ் மாறி மாறிச் சென்னை போய்வருவதற்கே ஒரு நாள் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு, ஒரே தடவை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

குப்பத்தில் நோயாளியின் தெம்பைக் கூட்ட ஜிம் தேவையில்லை. 30 மீட்டர் கயிறு போதும், அது எந்த வீட்டிலும் இருக்கும். மணலில் நடப்பது வேறு கணக்கு என்பதால், சிமெண்ட் சாலையில் அதை நீட்டி இரு முனையிலும் கல் வையுங்கள். ஆறு நிமிடத்தில் அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து எழுதுங்கள். அடுத்த வாரம் மறுபடி அளந்து பாருங்கள். தூரம் கூடியதைப் பார்க்கும் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் கண்டிருக்கிறேன். திண்ணையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் காலையிலும் மாலையிலும் நடக்கச் சொல்லுங்கள். மீனும் முட்டையும் கொடுக்கச் சொல்லி வீட்டுப் பெண்களிடம் நேரில் பேசுங்கள். பீடியை விடச் சொல்லுங்கள்.

"உழைச்ச ஒடம்புதானே, இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்று கேட்பார்கள். ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, ஓலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி கையால் இறால் துழாவிப் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த உடம்புகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் வேலை நின்று சில வாரம் படுத்தால் உழைத்த தசையும் கரையும். "கட்டியோட நடந்தா நோய் பரவிடாதா?" என்பது இன்னொரு கேள்வி. நடப்பதால் புற்றுநோய் பரவாது என்று தயங்காமல் சொல்லுங்கள். கடும் ரத்தசோகை, இதய நோய், எலும்புக்குப் பரவிய நோய் இருந்தால் மட்டும், மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று ஊரே நம்பிய காலம் அது. இன்று குப்பத்து மக்களும் சிகிச்சை தேடிச் சென்னைக்குப் போகிறார்கள், அறுவைக்கும் ஒப்புக்கொள்கிறார்கள். நாள் குறித்த பிறகு வீட்டில் கழியும் வாரங்களுக்குத்தான் பொறுப்பாளர் யாருமில்லை. பழவேற்காட்டில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று பாடு வைத்திருக்கிறார்கள். தன் பாடு இல்லாத நாளில் மீனவர் வலையைப் பிரித்துப்போட்டுக் கிழிசல் தைக்கிறார். காத்திருக்கும் நோயாளிக்கும் அந்த நாட்களை அப்படிப் பயன்படுத்தச் சொல்லித்தர வேண்டியவர்கள் நீங்கள்.

அதற்குப் பாதையும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடிப் போகிறார். பக்கவாதம் வந்தவர், படுக்கையில் விழுந்தவர் வீடுகளுக்குப் போகும் அதே வண்டி, அறுவைக்குக் காத்திருப்பவர் வீட்டு வாசலிலும் நிற்கட்டும். அரசுப் பணியோ, தனியார் பணியோ, சொந்தக் கிளினிக்கோ, வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். புற்றுநோய் அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்களைத் தேடி அவர்கள் வரமாட்டார்கள், நீங்கள்தான் போக வேண்டும்.