செய்நிரலின் தெளிவும் அதனை அளக்கும் வகையும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கணினியைப் பற்றிப் பேச வருவோர் அதன் வேகத்தையும் ஆற்றலையும் வியந்து பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. கணினிக்கென ஒருவர் எழுதி வைக்கும் கட்டளைத் தொடராகிய செய்நிரலை மற்றொருவர் வாசித்து விளங்கிக்கொள்வது எத்துணைக் கடினம், அக்கடினத்தை அளக்க இயலுமா, அதனைக் குறைக்கும் வழி யாது என்பனவே நமது பொருளாகும். இது மாணவருக்கு மாத்திரம் உரிய விஷயமென்று பெரியோர்கள் எண்ணுதல் வேண்டா. வங்கியிலுள்ள சேமிப்பும், ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவும் இன்று செய்நிரல்களின் வழியாகவே நம்மிடம் வந்து சேருகின்றன.

செய்நிரல் எழுதப்படுவது ஒரு முறை. வாசிக்கப்படுவதோ பல முறை. வரி மாறும், சட்டம் மாறும், நிறுவனத்தின் தேவை மாறும். எழுதியவர் அதற்குள் வேறு தொழிலுக்குப் போயிருப்பார். புதிதாக வந்தவர் பழைய செய்நிரலைத் திறந்து, எந்த வரி எதற்காக நிற்கின்றது என்று தேடுவார். விளங்காமற் கைவைத்தால், ஒன்றைச் சீர்செய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடுவார். கெட்டது உடனே தெரிவதுமில்லை.

பழைய ஏடுகளைக் கண்டவர்களுக்கு இத்துன்பம் எளிதில் விளங்கும். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அரிது. சொற்களுக்கிடையே வெளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் சந்தி பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் நூல்களை அச்சிட்டபோது பொருளை மாற்றினாரல்லர். வாசிப்பவரின் சுமையைக் குறைத்தார். செய்நிரலிலும் நாம் வேண்டுவது இத்தகைய உபகாரமே.

இனி, அளவைகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1968 மார்ச்சில் ஒல்லாந்து தேசத்து அறிஞர் டெய்க்ஸ்ட்ரா ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். செய்நிரலின் ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குத் தாவச் செய்யும் 'கோ டு' என்னும் கட்டளை வாசிப்பவரைத் திசை தடுமாறச் செய்கின்றது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஜேர்மனியிலுள்ள கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மகாநாடு கூடிற்று. மென்பொருள் பெருகப் பெருகத் தாமதமும் பிழையும் பெருகுவதை அங்கு கூடியோர் வெளிப்படையாகப் பேசினர்.

1976 இல் அமெரிக்கரான தோமஸ் மக்கேப் ஓர் எண்ணை முன்வைத்தார். ஒரு செய்நிரற் பகுதியில் 'இவ்வாறாயின் இதனைச் செய்' என்னும் வகையான தீர்மானங்கள் எத்தனை உள்ளனவோ, அவற்றோடு ஒன்றைக் கூட்டினால் அவ்வெண் கிடைக்கும். தீர்மானமே இல்லாத பகுதிக்கு 1. நான்கு தீர்மானங்கள் உள்ளதற்கு 5. இது 10 ஐத் தாண்டாதிருப்பது நன்று என்பது அவர் கொள்கை. அடுத்த ஆண்டில் மொரிஸ் ஹால்ஸ்டெட் என்பவர், செய்நிரலில் வரும் குறிகளையும் பெயர்களையும் எண்ணி அதன் பருமனையும் கடினத்தையும் கணிக்கும் முறையொன்றை நூலாக வெளியிட்டார்.

மக்கேப்பின் எண் பயனுள்ளதே. எனினும் அதில் ஒரு குறை உண்டு. ஒரு கூட்டுறவுச் சங்கம் கடன் வழங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்தவர் அங்கத்தவராக இருத்தல் வேண்டும்; சந்தா செலுத்தியிருத்தல் வேண்டும்; பழைய கடனைத் தீர்த்திருத்தல் வேண்டும்; பிணை நிற்க ஆள் வேண்டும். இதனை இரு வகையாக எழுதலாம். முதல் வகையில், அங்கத்தவராயின் என்பதனுள்ளே சந்தா செலுத்தியிருப்பின் என்பதையும், அதனுள்ளே கடன் தீர்த்திருப்பின் என்பதையும், அதனுள்ளே பிணை இருப்பின் என்பதையும் புதைத்து, நடுவிலே 'கடன் வழங்கு' என்று எழுதுவது. இரண்டாம் வகையில், 'அங்கத்தவர் அல்லரேல் மறுத்து முடி. சந்தா செலுத்தாதவரேல் மறுத்து முடி' என்று ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு போய், நான்கையும் கடந்தவருக்கு இறுதியிலே கடன் வழங்குவது.

இரண்டிலும் தீர்மானங்கள் நான்கே. ஆகவே மக்கேப்பின் கணக்கில் இரண்டும் 5. ஆயினும் வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. நாம் பயின்ற மிஷன் பாடசாலையில் ஆங்கில வாக்கியங்களைத் தலைமை வாக்கியம், சார்ந்த வாக்கியம் எனப் பகுத்து எழுதும் பயிற்சி உண்டு. பல சிறு வாக்கியங்கள் அடுத்தடுத்து வருமாயின் பகுத்தல் இலகு. ஒன்றினுள் ஒன்று, அதனுள் மற்றொன்று எனப் புதைந்து வருமாயின், திறந்த வாக்கியங்களையெல்லாம் மூடும்வரை மனத்திலே சுமக்க வேண்டும். செய்நிரலிலும் இதே நிலைதான்.

இக்குறையைப் போக்க, சோனார்சோர்ஸ் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன் கம்பல் அம்மையார் 'அறிதற் சிக்கல்' என்று நாம் தமிழில் வழங்கக்கூடிய அளவையை வகுத்தார். அதன்படி ஒரு தீர்மானம் எத்தனை படி உள்ளே புதைந்திருக்கின்றதோ, அத்தனை புள்ளிகள் மேலதிகமாகச் சேரும். நமது முதல் வகைக்கு 1, 2, 3, 4 எனக் கூட்டி 10 வருகின்றது. இரண்டாம் வகைக்கு 4 மாத்திரமே. வாசிப்பவரின் அனுபவத்தோடு இக்கணக்கு கூடுதலாக ஒத்துப்போகின்றது.

புதைந்த வாக்கியம் ஏன் பாரமாகின்றது? மனிதர் ஒரே வேளையில் நினைவிலே தாங்கக்கூடியவை மிகச் சில. ஜோர்ஜ் மில்லர் என்னும் உளவியலார் 1956 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதனை ஏழு அளவிலே மதிப்பிட்டார். பின்வந்தோர் இன்னும் குறைவென்பர். 2014 இல் ஜேர்மனியில் யானெட் சீக்மண்டும் அவரது குழுவினரும், 17 பேர் செய்நிரலை விளங்கிக்கொள்ளும்போது அவர்களின் மூளையைக் காந்தப் படக் கருவியால் நோக்கினர். நினைவு, கவனம், மொழி ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகள் அப்போது தொழிற்பட்டன. செய்நிரலை வாசித்தலும் ஒருவகை மொழிப்பயிற்சியே என்னும் கருத்துக்கு இது துணை செய்கின்றது.

எனினும் எண்ணை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட நேர்ந்தது. இணையத்தில் மறுமுனையில் இருப்பவர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் பகுதியிலே, 'கோ டு' கட்டளை ஒன்று தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதலாவது, தன்மேலுள்ள நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் தாவிற்று. கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிச் சோதனை நடைபெறாமலே 'பிழையில்லை' என்னும் விடை வந்தது. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியவை போலக் கண்ணுக்குத் தோன்றின. கவனியுங்கள்: அந்த மேலதிக வரியில் புதிய தீர்மானம் எதுவும் இல்லை. ஆகவே தீர்மானங்களை எண்ணிப் பெறும் மக்கேப்பின் எண் அதனாற் கூடவில்லை. அடைப்புக்குறி இட்டு எழுதும் ஒழுங்கும், நிதானமாக வாசிக்கும் இரண்டாவது கண்ணும் இருந்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும்.

2017 இல் இத்தாலியரான ஸ்கலபிரினோ முதலியோர் 121 அளவைகளை எடுத்துச் செய்நிரலாளரின் விளக்கத்தோடு ஒப்பிட்டனர். அவற்றுள் ஒன்றேனும் தனியே நின்று அவ்விளக்கத்தை நன்கு காட்டவில்லை. அன்றியும், எண்ணைக் கொண்டே ஊழியரை மதிப்பிடத் தொடங்கினால், எண்ணைக் குறைப்பதற்காகவே ஒரு பகுதியைப் பத்துத் துண்டாக வெட்டிவிடுவர். துண்டுகள் சிறியன, ஆனால் வாசிப்பவர் பத்து இடங்களுக்கு ஓட வேண்டும். காய்ச்சல் மானி நோய் உண்டு என்பதைக் காட்டும். என்ன நோய் என்பதைச் சொல்லாது. அளவையையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும்.

இனி, கடினத்தைக் குறைக்கும் வழிகள் சில. முதலாவது, பெயரிடுதல். 2017 இல் வெளியான ஓர் ஆய்வில் 72 தொழில்முறைச் செய்நிரலாளர் பங்குபற்றினர். தனி எழுத்துகளையும் சுருக்கங்களையும் விட முழுச் சொற்களாற் பெயரிட்டபோது அவர்களின் வேகம் ஏறக்குறைய 19 வீதம் கூடிற்று. 75 என்று வெறுமனே எழுதுவதிலும் 'அதிவிசேட சித்தியின் எல்லை' என்று பெயரிட்டு வழங்குதல் நன்று. இரண்டாவது, ஓர் உபசெய்நிரலுக்கு ஒரு வேலை மாத்திரம் கொடுத்தல். அதன் பெயரைக் கேட்டதும் வேலை விளங்க வேண்டும். மூன்றாவது, புதைத்து எழுதாமல், ஆகாதவற்றை முன்னரே விலக்கிவிட்டுச் செல்லல். நான்காவது, உரைக்குறிப்பு. வரி என்ன செய்கின்றது என்பதை வரியே சொல்லும். ஏன் அவ்வாறு செய்யவேண்டியதாயிற்று என்பதைக் குறிப்புச் சொல்ல வேண்டும். ஐந்தாவது, எழுதியதைப் பிறர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்தல். நாம் விளக்கம் சொல்லாமல் அவர் விளங்கிக்கொண்டாரேல், அதுவே நற்சான்று.

இக்காலத்தில், கேட்ட மாத்திரத்தே செய்நிரலை எழுதித் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இனி எதற்கு இப்பயிற்சி என்று நண்பர்கள் சிலர் வினவுகின்றனர். எழுதும் உழைப்பு குறைந்திருப்பது உண்மை. ஆனால் நோயாளியின் மருந்தளவோ ஏழையின் கடன்கணக்கோ பிழைத்தால், இயந்திரம் வந்து பதில் சொல்லப்போவதில்லை. தாம் விளங்கிக்கொள்ளாத ஒன்றுக்கு ஒருவர் எவ்வாறு பொறுப்பேற்பார்? எழுதுவது மலிந்த காலத்திலே வாசித்து விளங்கும் திறமைக்கு மதிப்பு ஏறுமேயன்றி இறங்காது.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை இங்கே கூடி, ஒருவர் எழுதிய செய்நிரலை மற்றொருவர் உரத்து வாசித்துப் பொருள் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். இதற்குப் பெரும் பணம் வேண்டா. ஒரு மேசையும் பொறுமையும் போதும். பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பொறுப்பு வகிக்கும் நிறுவனம் ஒரு மென்பொருளை வாங்கும்போது, அது என்ன செய்யும், என்ன விலை என்பவற்றோடு, 'எழுதியவர் போய்விட்டால் இதனை வாசித்து விளங்கத்தக்கவர் யார்?' என்றும் கேளுங்கள். அக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லையாயின், விலை எவ்வளவு குறைவாயினும் அது நட்டமே.